கேட்டுக்கொண்டிருக்கும் பாலையா

1964-ல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தின் பேய்க்கதைக் காட்சியைப் பார்க்காத தமிழர்கள் மிகக் குறைவு. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பிய செல்லப்பா, பணம் போட வேண்டிய அப்பாவை உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்கிறான். நாகேஷ் எழுகிறார், குனிகிறார், பாலையாவைச் சுற்றி வருகிறார். கையாலும் குரலாலுமே இருட்டையும் தனிமையையும் அந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அறுபது ஆண்டுகளாக இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாகேஷின் மேதைமையைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது டி.எஸ். பாலையாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். தொடக்கத்தில் அதில் இருப்பது அலட்சியம். உதவாக்கரைப் பிள்ளை எதையோ உளறப்போகிறான், கேட்டுத் தொலைப்போம் என்ற முகம். பிறகு கண் ஒரு நொடி நிலைகுத்துகிறது. கதை அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது, ஆனால் அதை மகனிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. அந்த வீம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் இருட்டுக்குப் பயந்த சிறுவனாகிவிடுகிறார். கதையைச் சொல்வது நாகேஷ். அது நடப்பது பாலையாவின் முகத்தில்.

அந்த முகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மேடைத் துணுக்குதான். நாகேஷ் அப்போதும் நம்மைச் சிரிக்கவைத்திருப்பார், ஆனால் பயம் வந்திருக்காது. பயம் வராமல் போயிருந்தால் இந்தச் சிரிப்பும் வந்திருக்காது. நடிப்பில் பாதி, எதிரில் இருப்பவர் பேசும்போது நடக்கிறது. அந்தப் பாதியைச் சுமந்தவர்கள் குணச்சித்திர நடிகர்கள். தமிழ்த் திரை நடிப்பின் வரலாற்றை நாம் நாயகர்களின் வரிசையாகவே எழுதிவருகிறோம்: பாகவதர், சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி, அப்புறம் ரஜினி, கமல் என்று. இந்த வரிசை ரசிகர்களின் வரலாற்றுக்குப் பொருந்தும், வசூலின் வரலாற்றுக்குப் பொருந்தும், அரசியலுக்கும் ஓரளவு பொருந்தும். நடிப்பு என்ற தொழில் எப்படி வளர்ந்தது, கையிலிருந்து கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அந்த வரிசையிடம் பதில் இல்லை. பாலையாவை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கிறது என்பது என் வாதம்.

பாலையா 1914 ஆகஸ்ட் 23 அன்று அன்றைய திருநெல்வேலிச் சீமையின் சுண்டங்கோட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்து நடிகர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் பள்ளிக்கூடம் பாய்ஸ் கம்பெனிதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்குப் பிறகு இப்படிப்பட்ட குழுக்கள் பெருகின. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார்கள். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் குழுவிலும், சிவாஜியும் வி.கே. ராமசாமியும் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிலும் வளர்ந்தார்கள். நாயகர், வில்லன், சிரிப்பு நடிகர் என்று பின்னாளில் நாம் பிரித்துவைத்த எல்லோரும் ஒரே மாதிரியான கொட்டகையில், ஒரே மாதிரியான வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள். யார் ராஜபார்ட், யார் கள்ளபார்ட், யார் பபூன் என்பதைக் குரலும் உயரமும் முகவெட்டும் தீர்மானித்தன. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இன்னொருவர் அவர் வேஷத்தைக் கட்ட வேண்டும் என்பதால் எல்லோருடைய பாடமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதாவது தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு ஒதுங்கியிருக்க அங்கே யாருக்கும் வழியில்லை. எதிரில் நிற்பவன் என்ன சொல்லப்போகிறான் என்பது தெரிந்தும், முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நிற்பது இரவுக்கு இரவு பழகிய வேலை.

இந்தப் பயிற்சியின் விளைவை வி.கே. ராமசாமியிடம் தெளிவாகப் பார்க்கலாம். 1926-ல் பிறந்தவர், 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் வயது முதிர்ந்த தந்தையாக நடித்தார். இருபத்தொரு வயதுப் பையன் கிழவராக வந்ததைப் படம் பார்த்தவர்கள் வேடிக்கையாக நினைக்கவில்லை, கிழவர் என்றே நம்பினார்கள். வயது, சாதி, ஊர், தொழில் எல்லாவற்றையும் குரலிலும் நடையிலும் கட்டிக்கொள்ளக் கற்றுத்தந்த பள்ளி அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பெண் வேஷத்தையும் பாட்டையும் இழந்து நின்ற பையன்கள் பலர். அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு உடைந்த குரலை என்ன செய்யலாம் என்பது ஒரு கலையாகவே கைவந்தது. பாலையாவின் குரல் இனிமையானதில்லை. கரகரப்பும் இழுப்பும் கலந்த குரல். ஒரே வாக்கியத்துக்குள் மேலேறி, நடுவில் தடுக்கி, கடைசிச் சொல்லில் வழுக்கிக்கொண்டு இறங்கும். மிமிக்ரி கலைஞர்கள் அந்த இழுப்பை எளிதாகப் பிடித்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்ற அவருடைய கணக்குதான் யாருக்கும் பிடிபடவில்லை.

1936-ல் வந்த 'சதி லீலாவதி'தான் அவருக்கு முதல் படம். எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. எம்.கே. ராதா நாயகன். எம்.ஜி.ஆரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்தப் படத்தில்தான் திரைக்கு வந்தார்கள். நாயகனைக் குடிக்கும் தவறான வழிக்கும் இழுத்துவிடும் நண்பனாகப் பாலையா வந்தார். குடும்பத்தை இழந்த நாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்ச் சேரும் கதைக்கு இந்த நண்பன்தான் அச்சாணி. இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாதவர். அடுத்த ஆண்டு பாகவதரை நாயகனாக்கி 'அம்பிகாபதி'யை எடுத்தபோதும் அவர் பாலையாவையே எதிர்நாயகன் ருத்திரசேனனாக வைத்துக்கொண்டார். வசனத்தின் சுவை காதில் ஏறாத ஓர் இயக்குநர் ஒரு நடிகரை இரண்டாம் முறையும் அழைக்கிறார் என்றால், அந்த நடிகரிடம் அவர் கண்டது வார்த்தைக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நிற்கும் விதம், திரும்பும் விதம், வாளைப் பிடித்த கை, பாகவதர் பாடும்போது பாலையாவின் கண்ணில் புழுங்கும் பொறாமை. பாகவதரின் குரலுக்கு நாடே மயங்கியிருந்த காலத்தில், அந்தக் குரலை வெறுக்கும் ஒருவனை நம்பும்படி செய்வது சின்ன வேலை இல்லை.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் செய்த வேடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் தமிழ்ச் சமூகத்தின் பாதி மனிதர்கள் வந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-ல் படமானபோது கே.ஆர். ராமசாமியின் தோழன் மணியாக வந்தார். தந்தையின் சாவுக்குப் பழிவாங்கக் கத்தியோடு கிளம்பும் நண்பனைத் தடுத்து, அறிவால் பழிவாங்கும் வழியைக் காட்டுபவன் அந்த மணி. கதை திசை திரும்புவது அவன் பேச்சில்தான். வில்லனாகவே பார்த்துப் பழகிய ஒருவரை நம்பகமான தோழராக ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள். 1954-ல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டு சேட்டாக வந்து அந்தத் தமிழைப் பேசியே கொட்டகையைக் குலுக்கினார். 1956-ல் 'மதுரை வீர'னின் நரசப்பன். 1959-ல் 'பாகப்பிரிவினை'யின் பெரியண்ணன்.

இந்தப் பெரியண்ணனிடம் சற்று நிற்க வேண்டும். ஏ. பீம்சிங் எடுத்த 'பாகப்பிரிவினை' என்றதும் நினைவுக்கு வருவது ஊனப்பட்ட கையோடு வரும் சிவாஜியின் கண்ணையன்தான். ஆனால் பிரியப்போகிற பாகம் யாருடையது? பாலையாவும் எஸ்.வி. சுப்பையாவும் நடித்த அண்ணன் தம்பி இருவருடையது. பெரியவர் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர். மனைவியின் நச்சரிப்பும் வெளியாள் ஒருவனின் சூழ்ச்சியும் சேர்ந்து அவரை அரிக்கின்றன. ஒரு நல்ல மனிதர் தன் பலவீனத்தாலேயே குடும்பத்தை உடைப்பதைக் காட்ட வேண்டிய வேடம் அது. இதில் வில்லத்தனம் கொஞ்சம் கூடினாலும் படம் சாய்ந்துவிடும், பரிதாபம் கொஞ்சம் கூடினால் பிரிவினை நம்பும்படி இருக்காது. பாலையா குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். தம்பியிடம் பேச வேண்டிய நேரத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிற மனிதனின் உடம்பு எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தமிழ் சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை. சிவாஜியின் கண்ணீர் நம்மைத் தொடுவதற்குத் தேவையான வீட்டை முதலில் கட்டி, பிறகு இடித்துக் கொடுத்தவர்கள் இந்த இரண்டு நாடகக்காரர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். நல்ல வேடம் எழுதப்பட்டிருந்தது, நல்ல இயக்குநர் இருந்தார், அதனால் நன்றாக அமைந்தது; நடிகருக்கு எதற்கு இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். 'காதலிக்க நேரமில்லை'யின் நகைச்சுவை ஸ்ரீதருடையதும் சித்ராலயா கோபுவுடையதும்தானே? உண்மை. ஆனால் அதே ஸ்ரீதர் அதே படத்தை 1966-ல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தபோது, நாகேஷின் இடத்தில் மெஹ்மூதை வைத்த கையோடு பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷை வைத்தார். அவரும் பல ஆண்டு அனுபவத்தில் ஊறிய குணச்சித்திர நடிகர். கதை சொல்பவரை மட்டும் நன்றாகத் தேர்ந்தெடுத்தால் போதாது, கேட்பவரும் அதே எடைக்கு இருக்க வேண்டும் என்று எழுதியவருக்கே தெரிந்திருந்தது. எழுத்து காட்சிக்கு இடம் கொடுக்கும். அந்த இடத்தை நிரப்புவது ஆள்தான். அதே படத்தில் இன்னொன்றைப் பாருங்கள். வேலையைவிட்டுத் துரத்திய அசோக், பெரிய பணக்காரர் சிதம்பரத்தின் பிள்ளை என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் விஸ்வநாதனின் நாக்கு புரள்கிறது. நேற்றுவரை 'அவன்' என்றிருந்த பையன் 'அசோகர்' ஆகிறான். மகன் என்ற சொல்லுக்கே 'ர்' விகுதி ஒட்டிக்கொள்கிறது. காகிதத்தில் அது ஓர் எழுத்து. பாலையா அதைச் சொல்லும்போது முதுகு தானாக வளைகிறது, பல் தெரிகிறது, கண்ணுக்குள் அந்தப் பணக்காரரின் சொத்து ஓடுகிறது. பணத்தின் முன்னால் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் குழைவதைப் பற்றி ஒரு நாவல் எழுதலாம். அவருக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு, 1965-ல், ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. வடநாட்டிலிருந்து வந்து பாண்டிய நாட்டையே இசையால் அடிமைகொள்ளப் பார்க்கும் ஹேமநாத பாகவதராக பாலையா. 'ஒருநாள் போதுமா' பாடலைப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. அந்த மாபெரும் சங்கீதத்துக்கு வாயசைப்பது எந்த நடிகருக்கும் ஆபத்தான வேலை. குரலின் உயரத்துக்கு உடம்பு எட்டாவிட்டால் பொம்மலாட்டமாகிவிடும். பாலையா தன் உடம்பை அந்தக் குரலின் சொந்தக்காரனாக்கிக் காட்டினார். கை தாளத்தில் இருக்கிறது. கழுத்து பிருகாவோடு போகிறது. கண் மட்டும் பாட்டில் இல்லை, சபையைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது. வித்தையும் செருக்கும் ஒரே மனிதனிடம் எப்படி ஒட்டியிருக்கும் என்று காட்டும் கண் அது. செருக்கு மட்டும் இருந்திருந்தால் ஹேமநாதன் வெறும் வில்லன். வித்தையை நம்பவைத்ததால்தான், அவரை எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரருக்காகக் கடவுளே விறகு சுமந்து வர வேண்டியிருந்தது என்ற கதைக்கு நியாயம் வந்தது.

அதன் பிறகு வருவது மீண்டும் ஒரு கேட்கும் காட்சி. விறகுவெட்டி வடிவில் வந்த சிவன் இரவில் பாடுகிறான். டி.எம். சௌந்தரராஜனின் குரலில் 'பாட்டும் நானே'. சிவாஜி பல உருவமெடுத்து எல்லா வாத்தியங்களையும் தாமே வாசிக்கிறார். கேமராவும் தந்திரக் காட்சிகளும் அவர் பக்கம். பாலையாவுக்குக் கிடைப்பதெல்லாம் இடையிடையே வரும் சில முகங்கள். அந்தச் சில முகங்களில் அவர் ஒரு முழுக் கதையைச் சொல்கிறார்: தூக்கம் கலைந்த எரிச்சல், யார் இது என்ற வியப்பு, ஒரு வித்வானுக்கே உரிய ரசனை, பிறகு அச்சம். ரசனை வந்த பிறகுதான் அச்சம் வருகிறது என்பது முக்கியம். இசை தெரிந்தவனுக்குத்தான் தான் தோற்றுவிட்டது தெரியும். பாணபத்திரரால் ஒதுக்கப்பட்ட சிஷ்யனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று எண்ணி அவர் ஊரைவிட்டுப் போகும்போது நமக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது. ஈசனின் மகிமையை நாம் நேராகப் பார்ப்பதில்லை. தோற்றவனின் முகத்தில்தான் பார்க்கிறோம். நாயகனின் பெருமை எங்கே உண்டாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய கதை, மறுபடியும் நாகராஜன். சிக்கல் சண்முகசுந்தரத்துக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு பாலையாவின் பங்குக்கு வந்தது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்கு சிவாஜியின் கன்னமும் விரலும் அசைந்ததைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. தவில்காரரைப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் இடம் தவில்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் எந்த இடத்தில் கோபப்படுவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் கை, மேடைக்குக் கீழே வாய் என்று அந்த முன்கோபிக் கலைஞனைத் தாங்கிப் பிடிக்கும் மனிதராகப் பாலையா படம் முழுக்க இருக்கிறார். கிண்டல் செய்கிறார், கண்டிக்கிறார், காதலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பக்கவாத்தியம் என்ற ஏற்பாட்டைப் புரிந்துவைத்திருக்கும் நம் சமூகத்துக்கு இது எளிதில் விளங்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளையையும் பாலக்காடு மணி ஐயரையும் இரண்டாம் தரக் கலைஞர்கள் என்று எந்த ரசிகரும் சொல்லத் துணியமாட்டார். சினிமாவுக்கு வந்ததும் மட்டும் அந்த ரசனையை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நாடகத்திலிருந்து வந்த இந்த நடிப்புதான் தமிழ் சினிமாவைக் கெடுத்தது என்ற எதிர்க்கருத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. காட்சி ஊடகமாக வளர வேண்டிய சினிமாவை வசனம் ஆண்டது, நடிகர்கள் கேமராவைப் பார்த்து மேடையில் நிற்பதுபோல் நின்றார்கள் என்று தியடோர் பாஸ்கரன் போன்ற திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 30களின், 40களின் படங்களைப் பார்த்தால் அது சரி என்றே படுகிறது. பாலையாவின் தொடக்க கால வேடங்களிலும் அந்த மேடை நெடி உண்டு. ஆனால் மைக் இல்லாத கொட்டகையில் கடைசிப் பெஞ்சுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல் அது. ஒரே ஆள் 1937-ல் எப்படி நடித்தார், 1964-ல் எப்படி நடித்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குளோசப்புக்கு முன்னால் ஒரு நாடக நடிகர் தன் கருவிகளை எப்படிச் சுருக்கிக்கொண்டார் என்பது தெரியும். வசனத்தைக் குறைக்க நாயகர்களுக்குத் தேவை இருக்கவில்லை. அவர்களுடைய வசனத்துக்குத்தான் விசில். வசனம் குறைவாகக் கிடைத்தவர்கள்தான் கண்ணாலும் கழுத்தாலும் நடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே மேடையிலிருந்து திரைக்கு வந்த பாதையைப் போட்டவர்களில் முதல் வரிசை குணச்சித்திர நடிகர்களுக்கு உரியது.

பாய்ஸ் கம்பெனிகளைப் புகழ்ந்து பேசுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து, அரைவயிற்றுக்கு உண்டு, அடிபட்டு, இரவெல்லாம் விழித்து வேலை செய்த இடங்கள் அவை. வறுமைதான் பெரும்பாலோரை அங்கே தள்ளியது. அதை ஒரு பொற்காலம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்த முறை போனது நல்லதே. ஆனால் அது போனபோது அதற்குள்ளிருந்த பயிற்சியையும் சேர்த்து இழக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை வயது வந்தவர்களைக் கொண்டே அதே வகைக் குழுப் பயிற்சியை நடத்திக் காட்டியது. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தவர்கள்தான். எதிராளியின் மூச்சைக் கவனிக்கும் நடிப்பை அவர்களிடம் இன்றும் பார்க்கலாம்.

கூட்டம் வருவது நாயகனுக்காகத்தானே, அவருக்குக் கொடுக்கும் இடத்தை இவர்களுக்கும் கொடுக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. போஸ்டரில் யார் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு, அதில் எனக்கு வழக்கில்லை. மதிப்பீடு வேறு. அங்கே நாம் செய்தது அநியாயம். தேசியத் திரைப்பட விருதுகள் 1954-ல் தொடங்கின. துணை நடிப்புக்கு ஒரு விருது வேண்டும் என்று அந்த அமைப்புக்குத் தோன்றியது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்கு விருது தரும்போதுதான். பாலையா 1972 ஜூலை 22 அன்று இறந்துவிட்டார். எஸ்.வி. ரங்காராவ் 1974-ல் போனார், எம்.ஆர். ராதா 1979-ல். கீசகனாக நடித்ததற்காக ரங்காராவை ஜகார்த்தாவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா சிறந்த நடிகர் என்று கௌரவித்தது. அவருடைய வகை நடிப்பைக் கௌரவிக்க நம் தேசிய விருதுகளிலோ அப்போது ஒரு பிரிவே கிடையாது. நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது 'நம்மவர்' படத்துக்கு, 1994-ல். பேய்க்கதை சொல்லி முப்பது வருடம் கழித்து.

பழைய படங்களைப் புதுப்பிக்கும் வேலையிலும் இதே பார்வைதான். 2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் வந்து நன்றாக ஓடியது. பிறகு 'திருவிளையாடல்', 'பாசமலர்', எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்', 'வசந்த மாளிகை' என்று வரிசை நீண்டது. எல்லாம் வர வேண்டிய படங்கள்தான். தேர்வு மட்டும் நாயகன் பெயரைப் பார்த்தே நடந்தது. உரிமை வைத்திருப்பவர்கள் முதலைத் திரும்ப எடுக்கப் பார்ப்பது இயல்பு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தனியாரால் ஆகாத இந்த வேலையை அரசுதான் எடுத்துச் செய்ய வேண்டும். 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அழிந்துவிட்டன. பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழக அரசு வாங்கியது, அவருடைய வரலாற்று நூலையும் வெளியிட்டது. அடுத்த படியாக நடிப்புக்கான ஒரு காப்பகத்தை உருவாக்கலாம். எந்த நாயகன் படம் என்று பார்க்காமல் பாலையா, சுப்பையா, ரங்காராவ், சகஸ்ரநாமம், சி.கே. சரஸ்வதி, மனோரமா ஆகியோரின் காட்சிகளைத் தேடித் தொகுத்து, தெளிவான பிரதியாக்கி, நடிப்புப் படிக்கும் இளைஞர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி வைக்கலாம். மனோரமாவுக்கு ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த சாதனை என்று ஒரு பெயர் உண்டு. அந்த ஆயிரத்தில் எந்தப் பத்தில் அவர் என்ன செய்தார் என்று ஒரு மாணவர் தேடினால், இன்று அவருக்குக் கிடைப்பது துண்டு துண்டான காமெடி வீடியோக்கள்தான்.

இன்றைக்கு நல்ல குணச்சித்திர நடிகர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 'பார்க்கிங்' படத்தில் எம்.எஸ். பாஸ்கர் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. சின்ன வீம்பு எப்படிப் பெரும் பகையாகிறது என்பதை அவர் படிப்படியாகக் கட்டினார், 2025-ல் தேசிய விருதும் வந்தது. பல ஆண்டுகள் டப்பிங் கலைஞராகக் குரலைத் தீட்டியவர் அவர் என்பதும் கவனிக்க வேண்டியது. பயிற்சி வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. குறை நடிகர்களிடம் இல்லை. நம் படங்கள் எழுதப்படும் விதத்திலும் எடுக்கப்படும் விதத்திலும் இருக்கிறது. நாயகனுடைய கால்ஷீட் முடிந்ததும் அவர் கிளம்பிவிட, அவர் நின்ற இடத்தில் உதவி இயக்குநர் ஒருவர் வசன பேப்பரைப் பார்த்து வாசிக்க, அப்பாவாக நடிப்பவர் அந்த வாசிப்பைக் கேட்டுக் கண்கலங்க வேண்டியிருக்கிறது. ரியாக்ஷன் ஷாட் என்று தனியாக அள்ளிக்கொள்கிறார்கள். எடிட்டிங் மேசையில் அதிலும் பாதி போய்விடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நடிக்கும் நீண்ட காட்சிகள் குறைந்துபோனதால் நாயகர்களுக்கும் நஷ்டம்தான். எதிரே ஒரு பாலையா இல்லாத நாகேஷாக அவர்கள் நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடிப்பைச் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களிடம் முதல் நாளே சிவாஜியின் வசனத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். 'காதலிக்க நேரமில்லை'யின் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, ஒலியை அணைத்துவிட்டு, பாலையாவின் முகம் எந்தெந்த இடத்தில் மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒலியோடு போட்டு, நாகேஷின் எந்தச் சொல்லுக்கு அந்த மாற்றம் வந்தது, சொல்லுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில இடங்களில் அது சொல் முடிவதற்கு முன்பே தொடங்கிவிடுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.